குக்கர் எப்போது பழையதாகிறது? ஒரு ஜம்போ ஜெட் ஓய்வுபெறும் கதை

2020 ஜூலை 22 அன்று சிட்னியிலிருந்து குவாண்டாஸ் நிறுவனத்தின் கடைசி போயிங் 747 கிளம்பியது. அதன் பெயர் வுனாலா. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான யன்யுவாவில் கங்காரு என்று பொருள். ஆல்பியன் பார்க் அருங்காட்சியகத்தில் நின்றிருந்த தன் மூத்த சகோதரியான இன்னொரு 747-இன் மேல் பறக்கும்போது இறக்கையைச் சாய்த்து விடைசொன்னது. பிறகு கடலுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து, ரேடார் வரைபடத்தில் தன் பாதையாலேயே ஒரு கங்காருவை வரைந்து முடித்துவிட்டு அமெரிக்காவை நோக்கித் திரும்பியது.

வுனாலா 2003-இல் வந்த விமானம். அன்று அதற்கு வயது 17தான். நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானத்தை ஏன் நிறுத்தினார்கள்? இதற்குப் பதில் நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

முதலில் குக்கர். உள்ளே ஆவி ஏற ஏற மூடியும் சுவரும் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன. அடுப்பை அணைத்ததும் அழுத்தம் இறங்குகிறது. விமானத்துக்கும் இதே கதிதான். 35,000 அடி உயரத்தில் வெளியே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்பங்கு. அதில் மனிதரால் மூச்சுவிட முடியாது என்பதால் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் நம் குக்கரில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் விமானத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் தகட்டையும் அது 6 டன் விசையோடு வெளியே தள்ளுகிறது. அந்தத் தகடோ குக்கர் சுவரைவிட மெல்லியது.

ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள் என்பது பராமரிப்புப் பணியாளர்களின் கணக்கு. ஒவ்வொரு சைக்கிளிலும் தகடு நூலளவு உப்பி, மறுபடி சுருங்குகிறது. இரும்புக் கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. இப்படியும் அப்படியும் நூறு முறை வளைத்தால் ஒடியும். உலோகத்தின் இந்தக் களைப்பை உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 1954-இல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறின. காரணம் தேடி, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் நீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். தண்ணீர் எதற்கு? ஆவியும் காற்றும் அமுங்கிக் கிடந்து, வழி கிடைத்ததும் வெடித்து விரியும். தண்ணீர் அப்படி அமுங்காது. அதனால் தகடு எந்த இடத்தில் கிழிந்ததோ, அந்த இடம் சிதையாமல் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தொட்டியில் தெரிந்த விரிசல்தான் பின்னால் வந்த எல்லா விமானங்களையும் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய விமானம் நீண்ட தூரம் பறப்பது. ஒரு நாளில் ஒன்றிரண்டு முறைதான் ஏறி இறங்கும். 14 மணி நேரம் பறந்தாலும் ஒரே சைக்கிள்தான், அதாவது ஒரே விசில். ஆகவே வுனாலாவின் உடம்பில் இன்னும் ஆயுள் மீதி இருந்தது. கணக்கு இடித்தது வேறிடத்தில்.

எங்கள் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்படியையே கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பரணில் இருப்பது, மேடைக்கு அடியில் இருப்பது எல்லாம் வெளியே வரும். அப்போதுதான் சுவரின் ஓதம் கண்ணில் படும். விமானத்துக்கு இப்படி ஒரு வெள்ளையடிப்பு உண்டு. டி செக் என்பார்கள். சுமாராக 6 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும். இருக்கை, கழிப்பறை, தரைப்பலகை, சமையல் மேடை எல்லாவற்றையும் கழற்றி, எலும்புக்கூடு தெரியும்வரை உரித்து, ஒலி அலையாலும் மின்காந்தத்தாலும் விரிசலையும் அரிப்பையும் தேடுவார்கள். அரிப்பு மிகுதியாகப் பிடிக்கும் இடம் எது தெரியுமா? விமானத்தின் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் அடியில். சிந்திய காபியும் பழச்சாறும் தரைப்பலகை வழியாகக் கசிந்து தகட்டைத் தின்கின்றன. இந்தச் சோதனைக்குப் பல கோடி ரூபாய் ஆகும். பல வாரம் விமானம் சம்பாதிக்காமல் நிற்கும். அதனால் பெரும்பாலும் பழைய விமானத்தின் விதி முடிவாவது அடுத்த டி செக் நெருங்கும்போதுதான். இவ்வளவு செலவழித்தால் மீண்டும் எடுக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி.

எடுக்க முடியாமல் போனதற்கு அடுப்பே காரணம். 747-க்கு நான்கு என்ஜின். மணிக்கு 10 டன்னுக்கு மேல் எரிபொருள் குடிக்கும். அதன் இடத்துக்கு வந்த போயிங் 787-9-க்கு இரண்டே என்ஜின்; மணிக்கு 5 டன்னை ஒட்டித்தான் செலவு. குவாண்டாஸின் 747-இல் 364 இருக்கை, 787-இல் 236. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஐந்தில் ஒரு பங்கு எரிபொருளாவது மிச்சம்.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? விறகடுப்பு பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். ஊதுகுழலில் கொஞ்சம் காற்றை வேகமாக ஊதினால் மார்பு வலிக்கும், தலை சுற்றும். பனையோலை விசிறியை அசைத்தால் நிறையக் காற்று மெதுவாக நகரும். கை அவ்வளவு சீக்கிரம் ஓயாது. ஜெட் என்ஜினிலும் கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். வுனாலாவின் என்ஜினில் நெருப்புக்குள் போகும் காற்றைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு, நெருப்பைத் தொடாமல் விசிறியால் தள்ளப்படும். 787-இன் என்ஜினில் அது ஏறத்தாழ 9 மடங்கு. ஊதுகுழல் மெல்ல மெல்ல விசிறியாக மாறிய கதைதான் இந்த அரைநூற்றாண்டு என்ஜின் வரலாறு.

அப்படியானால் இவ்வளவு காலம் நான்கு அடுப்பு எதற்கு? ஒன்று அணைந்தால் மற்றது வேண்டுமே. ஒருகாலத்தில் இரட்டை என்ஜின் விமானம் ஒற்றை என்ஜினில் 60 நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய தடத்தில்தான் பறக்கலாம் என்று விதி இருந்தது. தெற்குப் பெருங்கடலில் எங்கே இறங்குவது? என்ஜின்கள் நம்பகமாக ஆக ஆக, 1985 முதல் அந்த எல்லை 120 நிமிடம், பிறகு 180 என்று விரிந்தது. சிட்னியிலிருந்து சந்தியாகோவுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் குவாண்டாஸ் 747 கடைசிவரை பறந்ததற்கு அந்த ஆளில்லாக் கடல்தான் காரணம்.

2020 இறுதியில் விடைகொடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். கொரோனா வந்து பந்தியே கலைந்தது. நான்கு பேருக்கு அண்டாவில் உலை வைக்க யாருக்கும் கட்டாது. ஆறு மாதம் முன்னதாகவே முடித்துக்கொண்டார்கள். 1974-இல் டார்வின் நகரைப் புயல் அழித்தபோது ஒரே 747-இல் 670-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக் காப்பாற்றிய நிறுவனம் அது. அந்த அண்டா அன்று எத்தனை உயிரைச் சுமந்தது என்பதை நினைக்காமல் இந்தக் கணக்கை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வுனாலா போய்ச் சேர்ந்த இடம் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனம். ஊறுகாய் ஜாடியை ஈரக்கை படாத இடத்தில், வாயைத் துணியால் வேடுகட்டி வைப்பதேன்? ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். விமானத்துக்கும் ஈரமே எதிரி. பாலைவனத்தின் வறண்ட காற்றில் அரிப்பு மெதுவாகத்தான் ஏறும். என்ஜின் வாய், சன்னல், சிறு துளைகள் எல்லாவற்றையும் மூடி ஒட்டிவிடுவார்கள். தூசிக்கும் பறவைக்கும் வழியில்லை.

இப்படி வந்து சேரும் விமானங்களில் மறுபடி பறக்காதவற்றைப் பிரிப்பார்கள். என் பாட்டியின் பித்தளைப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். யார் வீட்டுச் சீர், எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று அதைப் பார்த்தே சொல்லலாம். விமானத்தின் உதிரிப்பாகங்களிலும் அப்படி எண் வெட்டியிருக்கிறது. பிறந்த நாள் முதல் எந்த விமானத்தில் இருந்தது, எத்தனை சைக்கிள் கண்டது, யார் பழுது பார்த்தார் என்று அந்த எண்ணுக்கு ஒரு ஜாதகம் உண்டு. அந்தக் காகிதம் இருந்தால் அது இன்னொரு விமானத்தில் ஏறும், நல்ல விலையும் கிடைக்கும். காகிதம் தொலைந்துபோனால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எடைக்குத்தான் போகும்.

இறங்குசக்கரம், விமானி அறைக் கருவிகள், கதவுகள் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதிக விலை என்ஜினுக்கு என்பதால் பெரும்பாலும் முதலில் கழற்றுவது அதைத்தான். 747-இல் ஒவ்வொன்றும் 4 டன்னுக்கு மேல். அந்த எடை போனதும் விமானத்தின் சமநிலை மாறும்; பாலைவனக் காற்று வலுத்தால் இறக்கை ஆடும். அதனால் என்ஜின் இருந்த இடத்தில் சிமென்ட் பாளங்களைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். உள்ளே ஒன்றும் வேகாத பானையின் மூடிமேல் குழவிக்கல்லை வைத்ததுபோல், அந்தப் பாளங்கள் மட்டும் இறக்கைக்கடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.