மூன்றாவது அலசல்

2019 ஜூன் மாதத்தில் ஒரு காலை. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, முந்தின இரவு குழம்பு வைத்த சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தத்தைக் கேட்டுவிட்டார். "கொழாய மூடும்மா," என்றார். "மூணு தபா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அலசினா போதும். ஒரே தபாவா எவ்ளோ ஊத்தினாலும் போவாது."

கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் இதே பாடத்தை எங்களுக்கு வேறு சொற்களில் சொல்லித் தந்திருக்கிறார்கள். வடிதாளில் தங்கிய வீழ்படிவைக் கழுவ மொத்த நீரையும் ஒரே தடவையில் ஊற்றாதே, சிறுசிறு பங்காகப் பிரித்து ஊற்று என்பார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அது என் சமையலறைக்கும் பொருந்தும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

துணி அலசுவதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சோப்புப் போட்டுப் பிழிந்த ஒரு மூட்டைத் துணியில் இரண்டு லிட்டர் சோப்புத் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று கொள்வோம். அலச நம்மிடம் இருப்பது 20 லிட்டர். அத்தனையையும் ஒரே வாளியில் ஊற்றி அலசினால் சோப்பு 22 லிட்டரில் பரவும். மறுபடி பிழிந்தால் இரண்டு லிட்டர் துணியில் தங்கும். ஆக, பதினொன்றில் ஒரு பங்கு சோப்பு துணியிலேயே நின்றுவிட்டது. அதே 20 லிட்டரைப் பத்துப் பத்தாகப் பிரித்து இரண்டு முறை அலசினால் முதல் முறையில் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும். அடுத்த முறையில் அந்த ஆறில் ஒன்றிலும் ஆறில் ஒன்று, அதாவது 36-ல் ஒரு பங்கு. ஐந்து ஐந்தாக நான்கு முறை அலசினால் ஏறக்குறைய 150-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை.

பிழிவதிலும் விஷயம் இருக்கிறது. இரண்டு லிட்டர் தங்குவதற்குப் பதில் ஒரு லிட்டர் மட்டும் தங்கும்படி இறுக்கிப் பிழிந்துவிட்டால், பத்துப் பத்தாக இரண்டே அலசலில் மிச்சம் 121-ல் ஒரு பங்காகிவிடும். இரண்டு வாளித் தண்ணீர் செய்யும் வேலையைக் கை முறுக்கு செய்துவிடுகிறது. பாத்திரமும் அப்படியே. ஒவ்வொரு தட்டையும் சாய்த்து நீரை வடித்துவிட்டு அடுத்த அலசலுக்குக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

அக்கா இதற்கும் ஒரு படி மேலே போவார். அவர் முன்னால் மூன்று பேசின்கள் இருக்கும். துலக்கிய பாத்திரம் முதல் பேசினில் முங்கி, இரண்டாவதில் முங்கி, மூன்றாவதில் முங்கி வெளியே வரும். முதல் பேசின் கலங்கியதும் அதை மட்டும் கழிவறை வாளியில் கொட்டுவார். இரண்டாவது பேசின் முதலாவதன் இடத்துக்கு நகரும், மூன்றாவது இரண்டாவதாகும். புதுத் தண்ணீர் கடைசிப் பேசினுக்கு மட்டும். பாத்திரம் ஒரு திசையில் போகிறது, தண்ணீர் எதிர்த் திசையில் வருகிறது. முலாம் பூசும் பட்டறைகளில் இதே ஏற்பாட்டுக்கு எதிரோட்ட அலசல் என்று பெயர். மிக அழுக்கான பொருளை மிக அழுக்கான நீர் சந்திக்கிறது, மிகச் சுத்தமான பொருளை மிகச் சுத்தமான நீர். இதைவிடக் குறைந்த நீரில் அதே சுத்தத்தை எட்டும் எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தக் கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் அடி தெரிய வறண்டிருந்தன. மாநகரின் தேவை நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டர்; குடிநீர் வாரியத்தால் கொடுக்க முடிந்தது சுமார் 52 கோடி. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. பிறகு வகுத்துப் பார்த்தேன். ஒரு ரயில் கொண்டுவந்தது நகரத்தின் ஒருநாள் தேவையில் ஆயிரத்தில் மூன்று பங்கு.

குழாயில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்த்ததும் அந்த வாரத்தில்தான். 15 லிட்டர் பக்கெட்டை வைத்து, கைபேசியில் நேரம் பார்த்தேன். 75 விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 12 லிட்டர். பல் துலக்கும் இரண்டு நிமிடம் குழாய் திறந்திருந்தால் ஒன்றரைக் குடத்துக்கு மேல் போய்விடும். குடத்துக்கு அளவு இருக்கிறது, குழாய்க்கு இல்லை. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளக்காரர்கள் இதைக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும். குழாயில் நீர் பாயும் வேகம் அதன் மேல் நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 17-ஆம் நூற்றாண்டில் டாரிசெல்லி கண்டுசொன்ன விதி இது. மொட்டைமாடித் தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் குழாயைவிட 12 மீட்டர் கீழே இருக்கும் குழாயில், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், இரண்டு மடங்கு நீர் கொட்டும். ஒரே அளவு நேரம் கை கழுவினாலும் கீழ்வீட்டுக்குச் செலவு இரட்டிப்பு. இதற்குக் காசு செலவில்லாத மருந்து, சிங்க்குக்கு அடியில் இருக்கும் சின்ன வால்வைப் பாதி திருகிவைப்பது. குழாய் முனையில் மாட்டும் ஏரேட்டரும் நல்லது. நீரோடு காற்றைக் கலந்து, பாதிக்கும் குறைவான நீரில் அதே பரப்பை நனைக்கும். ஆனால் குடம் பிடிக்கும் குழாயில் அதை மாட்டிப் பயனில்லை. குடம் அதே குடம்தான், நேரம் மட்டும் கூடும்.

பாதாளச் சாக்கடை உள்ள இந்திய நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள். அதில் குளிக்க 55, கழிவறைக்கு 30, துணிக்கு 20. குடிக்கவும் சமைக்கவும் ஐந்தைந்து லிட்டர்தான். ஆகவே சமையலறையில் மட்டும் இழுத்துப் பிடிப்பவர் சின்னச் சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பேன். ஷவரை மூடிவிட்டுப் பக்கெட்டில் குளித்தால் 20 லிட்டருக்குள் முடியும். பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் கொட்டும். அதற்குள் நீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வைக்காதீர்கள், கரைந்து வால்வை அடைத்துவிடும்.

ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகும். இரவில் தூங்கப் போகுமுன் டேங்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போடுங்கள். அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமலே கீழே பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால், உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். எங்கள் வீட்டில் இறங்கியிருந்தது. எத்தனை மாதமாக ஒழுகியதோ, லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டே அதை ஒழுக விட்டிருக்கிறோம்.

ஆர்ஓ இயந்திரம் தனிக்கதை. உப்பு நீரை அழுத்தி நுண்சவ்வின் வழியே தள்ளும்போது நல்ல நீர் அந்தப் பக்கம் போகும், உப்பு இந்தப் பக்கமே தேங்கும். தேங்கிய உப்பை அடித்துக்கொண்டு போகத் தொடர்ந்து நீர் வேண்டும். வீடுகளில் உள்ள பல இயந்திரங்கள் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியேற்றுவது இதனால்தான். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புகள் கரைந்துள்ள நீருக்கு ஆர்ஓவைத் தடைசெய்யும்படி 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. உங்கள் வீட்டு நீரை ஒருமுறை சோதித்துப் பார்த்தால் இயந்திரமே தேவையில்லை என்றுகூடத் தெரியலாம். தேவை என்றால், அதன் கழிவுநீர் தரை துடைக்கவும் கழிவறைக்கும் ஆகும். செடிக்கு மட்டும் தினமும் ஊற்ற வேண்டாம். மண்ணில் உப்பு ஏறினால் வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் போகும்.

நீரைப் பிடித்துவைக்கும் வீடுகளுக்கு இன்னொன்று: டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மூடிவைப்பதோடு, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் 2018 பிப்ரவரியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு விதித்தது. அணைகள் இன்னும் இறங்கினால் வீட்டுக் குழாய்களையே மூடிவிட்டு, தெருமுனை மையங்களில் ஆளுக்கு 25 லிட்டர் கொடுப்பதாகத் திட்டம். அந்த நாளுக்கு 'டே ஜீரோ' என்று பெயர் வைத்தார்கள். உலகமே அந்தப் பெயரைக் கேட்டு அஞ்சியது. மக்கள் செலவைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள், மழையும் வந்தது, அந்த நாள் வரவில்லை.

கேப் டவுன் கதையைப் படித்த அன்று அக்காவிடம் அவர் வீட்டுக்கு எத்தனை குடம் என்று கேட்டேன். லாரி வந்தால் எட்டுக் குடம், வீட்டில் ஐந்து பேர் என்றார். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்து, விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்: 120 லிட்டர், ஆளுக்கு 24. சிக்கனத்தைப் பற்றி நாங்கள் அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? குழாய் உள்ள வீடுகளுக்குத்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

அக்கா என் கணக்கைக் கேட்டுக்கொண்டே மூன்றாவது பேசினை இரண்டாவதன் இடத்துக்கு நகர்த்தினார். "எங்கூடு ரெண்டாவது மாடிம்மா. படி ஏறையில ஒரு கொடத்துத் தண்ணியாச்சும் தளும்பிடும். அத கழிச்சிக்க," என்றார்.