ஆட்டக்களமும் அயலூர் வாழ்வும்

உதைபந்தாட்டம் நடைபெறுவது 90 நிமிடம். அந்தத் தொண்ணூறு நிமிடத்தையும் பல்லாயிரவர் பார்க்கின்றனர். பார்த்தவர் சொல்லப் பாராதவரும் கேட்கின்றனர். ஆட்டக்காரர் களத்தைவிட்டு நீங்கிய பின்னர், வாரத்தின் எஞ்சிய பொழுதை எங்கே, எவருடன், எந்த மொழியிற் பேசிக் கழிக்கிறார் என்று எவரும் வினவுவதில்லை. சொந்த நாட்டிலே ஆடுபவரைப் பற்றி அப்படி வினவவேண்டிய தேவையுமில்லை. கடல்கடந்து சென்று ஊதியத்துக்கு ஆடுபவருக்கோ அதுவே பெரிய வினாவாகிவிடுகிறது. களத்தின் கோடுகள் எங்கும் ஒன்றே. கோற்கம்பங்களின் இடைவெளியும் ஒன்றே. வேறுபடுவது களத்துக்கு வெளியே உள்ள அனைத்துமாகும்.

பொருள்வயிற் பிரிவு என்று பழந்தமிழ் இலக்கணம் வகுத்த பிரிவில் இவர்களையும் அடக்கலாம். ஆயினும், பொருள் தேடிப் பாலைவழியே சென்றவனுடைய நெஞ்சின் வருத்தத்தைப் புலவர் பரிவோடு பாடினர். பெருஞ்சம்பளம் பெறும் ஆட்டக்காரர் ஊரை நினைத்து வருந்துகிறார் என்றால் உலகம் நகைக்கிறது. இத்துணைப் பணம் வாங்குபவருக்கு என்ன குறை என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வியிலுள்ள பிழையைக் காட்டுவதற்கு ஆட்டக்காரர் சிலருடைய வரலாறே போதும்.

இத்துயருக்கு மருத்துவ நூலிலே முதன்முதற் பெயரிட்டவர் யொகான்னஸ் ஹோபர் என்னும் இளைஞர். சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்துக்கு 1688ஆம் ஆண்டிலே அளித்த இலத்தீன் ஆய்வுரையில், மீளுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் நோவு என்னும் பொருளுடைய சொல்லையும் இணைத்து, 'நொஸ்டால்ஜியா' என்ற புதுச்சொல்லை அவர் ஆக்கினார். பேர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குக் கல்வி கற்க வந்த மாணவன் ஒருவன் சாகுந் தறுவாயிற் கிடந்தான் என்றும், ஊருக்கு அனுப்புவது என்று முடிவாகிப் பயணந் தொடங்கியதும், ஊர் போய்ச் சேருமுன்னரே தேறிவிட்டான் என்றும் அவர் எழுதியுள்ளார். அயல்நாட்டு அரசருக்குக் கூலிப்படையாகச் சென்ற சுவிஸ் வீரரிடையே இந்நோய் மிகுதி எனப் பின்னர் பலரும் கண்டனர். மலைநாட்டு மெல்லிய காற்றிற் பழகிய உடல் தாழ்நிலத்துக் காற்றின் கனத்தைத் தாங்கமாட்டாமையே காரணம் என்று, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிச் நகரத்து அறிஞர் ஷொய்க்ஸர் விளக்கினார். விளக்கம் பிழையே. ஆனால், நோயுற்றவனைக் கோழை என்று அவர் தள்ளிவிடவில்லை என்பதையேனும் ஒப்புக்கொள்ளவேண்டும். அத்தனை பெருந்தன்மை பிற்கால விளையாட்டு உலகுக்கு வருவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

இங்கிலாந்தில் உதைபந்தாட்டக்காரர் பெறக்கூடிய சம்பளத்துக்கு 1961 ஜனவரி வரை ஓர் உச்சவரம்பு இருந்தது. அது நீக்கப்பட்டபோது வாரத்துக்கு 20 பவுணாக இருந்தது. எத்துணை வல்லவராயினும் அதற்குமேற் பெறமுடியாது. இத்தாலியக் கழகங்களோ பன்மடங்கு தருவதற்கு ஆயத்தமாக இருந்தன. ஆகவே, சிலர் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாற் சென்றனர்.

அவர்களுள் முதற் பெயர் பெற்றவர் வேல்ஸ் நாட்டினரான ஜோன் சார்ல்ஸ். லீட்ஸ் கழகத்திலிருந்து 1957ஆம் ஆண்டிலே 65,000 பவுணுக்கு டியூரின் நகரத்து யுவெந்துஸ் கழகத்துக்குப் போனார். முதற் பருவத்திலேயே 28 கோல் அடித்து, இத்தாலியச் சங்கத் தொடரின் முதன்மைக் கோற்காரரானார். அவர் அங்கிருந்த ஐந்து ஆண்டுகளில் அக்கழகம் மூன்று முறை வாகை சூடியது. முரட்டுத்தனமில்லாத அந்தப் பேருருவரை 'நல்ல பூதம்' என்ற பொருளில் இத்தாலியர் செல்லமாக அழைத்தனர். அவருடைய கால் வன்மையையும் தலையால் முட்டும் திறமையையும் மட்டுமே காரணமாகக் கூறுவோர் உளர். அவர் இத்தாலிய மொழியைக் கற்றுக்கொண்டார் என்பதும் அதற்கு இளைத்த காரணமன்று.

நான்கு ஆண்டுகளின் பின், 1961ஆம் ஆண்டிலே, செல்சியின் ஜிம்மி கிரீவ்ஸ் 80,000 பவுணுக்கு மிலான் கழகத்துக்குச் சென்றார். சம்பள உச்சவரம்பு நீங்கியதும் போகாமலிருக்கவே அவர் விரும்பினார், ஒப்பந்தம் விடவில்லை. மிலானின் பயிற்றுநர் நேரேயோ ரொக்கோ கண்டிப்புக்குப் பேர்போனவர். போட்டிக்கு முன்னர் ஆட்டக்காரரை விடுதியொன்றிலே ஒதுக்கி வைப்பது இத்தாலியக் கழகங்களின் வழக்கம். எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எங்கே போவது என்பவையெல்லாம் பிறருடைய கட்டளை. இலண்டனிலே ஆட்டம் முடிந்ததும் நண்பரோடு சிரித்துப் பேசித் தம் போக்கிலே வாழ்ந்த இருபத்தொரு வயது இளைஞருக்கு அது சிறைபோலத் தோன்றியது. கட்டளையை மீறினார், தண்டப் பணம் கட்டினார். வியப்பு என்னவெனில், இத்துணை மனக்கசப்புக்கும் இடையில் நான்கு மாதத்துக்குள் 9 கோல் அடித்தார் என்பதே. கால் தன் வேலையைச் செய்தது, மனம் இசையவில்லை. டிசம்பரிலே டொட்டன்ஹாம் கழகம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. விலை 99,999 பவுண். நூறாயிரம் பவுண் ஆட்டக்காரர் என்ற பெயரின் சுமை அவர்மீது ஏறலாகாது என்று அக்கழக முகாமையாளர் பில் நிக்கல்சன் ஒரு பவுணைக் குறைத்தாராம். அங்கே அவர் அடித்த 266 கோல்கள் 2023 வரை அக்கழகத்தின் முறியடிக்கப்படாத சாதனையாயிருந்தன.

அதே 1961இல் 110,000 பவுணுக்கு டொரினோ கழகத்துக்குப் போன ஸ்கொட்லாந்தின் டெனிஸ் லோவும் ஓராண்டிலே திரும்பி, மான்செஸ்டர் யுனைடெட்டிலே சேர்ந்தார். இவ்விருவரையும் கொண்டு, ஆங்கிலேயருக்கும் ஸ்கொட்லாந்தினருக்கும் வெளியூர் ஒத்துவராது என்று அக்காலப் பத்திரிகைகள் எளிதாகத் தீர்ப்புரைக்க முடிந்தது. சார்ல்ஸின் கதையினது பிற்பகுதி அத்தீர்ப்பைக் கலைக்கிறது. அவர் 1962ஆம் ஆண்டிலே லீட்ஸுக்கு மீண்டார். எவரும் எதிர்பாராதவாறு, பழைய ஊரிலே அவரால் நிலைகொள்ள முடியவில்லை. பதினொரு ஆட்டங்களோடு லீட்ஸை விட்டு மீண்டும் இத்தாலிக்கே, இம்முறை உரோமாபுரிக் கழகத்துக்கு, போய்விட்டார். பிரிந்து போனவர் திரும்பும்போது ஊரும் அவருக்குச் சிறிது அயலாகிவிடுகிறது. ஏக்கம் எப்போதும் பிறந்த திக்கையே நோக்கும் என்பதற்கில்லை.

வேல்ஸ் நாட்டின் இயன் ரஷ் 1987இல் யுவெந்துஸுக்குச் சென்று, ஒரே பருவத்தோடு லிவர்பூலுக்குத் திரும்பினார். இத்தாலியில் வாழ்வது அயல்நாட்டில் வாழ்வது போலிருந்தது என்று அவர் கூறியதாக ஒரு நகைச்சுவை இன்றும் உலவுகிறது. தாம் அப்படிக் கூறவேயில்லை என்று அவர் மறுத்துள்ளார். மறுப்பை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை, நகைப்பையே வைத்திருக்கின்றனர்.

இளவயதிலே அனுப்பப்படுவோரின் நிலை இன்னும் கடுமையானது. பெல்பாஸ்ட் நகரிலிருந்து 1961இல் பதினைந்து வயதிலே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த ஜோர்ஜ் பெஸ்ட், தம்மோடு வந்த மற்றொரு சிறுவனுடன் மறுநாளே கப்பலேறி வீடு திரும்பினார். கடிந்துகொள்ளாமல் மீண்டும் அழைத்தமையால் வந்தார்; 1968இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான பரிசையும் பெற்றார். ஆர்ஜென்டினாவின் லியோனல் மெஸ்ஸி பதின்மூன்று வயதிலே ரொசாரியோவிலிருந்து பார்சலோனாவுக்கு வந்தபோது குடும்பம் முழுவதுமே உடன் வந்தது. சிறிது காலத்திலே தாயும் உடன்பிறந்தோரும் ஊர் திரும்ப, தந்தையும் மகனுமே எஞ்சினர். வென்றவரின் கதைகளே இவ்வாறு எழுதப்படுகின்றன. திரும்பிச் சென்று மறைந்துபோன சிறுவரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டோரை நாடுவிட்டு நாடு மாற்றுவதை, சில விதிவிலக்குகளோடு, உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2001 முதல் தடைசெய்தமை இதனாலேயே நன்று.

ஊரேக்கம் ஓரெல்லையைக் கடந்தால் நோயாகிறது. இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியின் மார்க்கஸ் டிரெஸ்கோதிக் 2006 பெப்ரவரியிலே இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவே வீடு திரும்பினார். காரணம் கேட்டபோது ஒரு கிருமியால் நேர்ந்த சுகவீனம் என்று முதலிற் கூறினார். அதே ஆண்டு நவம்பரில் அவுஸ்திரேலியாவிலிருந்தும் மீண்டார். 2008 மார்ச்சில், டுபாய்க்குப் புறப்படவேண்டிய நாளில், இலண்டன் விமான நிலையத்தைத் தாண்ட அவரால் இயலவில்லை. அவ்வாண்டு வெளியிட்ட தம் நூலிலேதான், தம்மை வருத்தியது மனச்சோர்வும் பதைப்புமே என்று திறந்து எழுதினார். உடலைத் தாக்கிய கிருமி என்றால் எவரும் ஏற்பர். மனைவியையும் கைக்குழந்தையையும் பிரிந்திருக்க முடியவில்லை என்றால் ஏற்பரோ என்ற அச்சமே அம்மனிதரை ஈராண்டு வாய்திறவாமல் வைத்தது. பின்னர் அவர் நாட்டுக்காக ஆடவில்லை. தம் சொந்த மாகாணமான சொமர்செட்டுக்கு 2019 வரை ஆடினார்.

ஸ்பானியாவின் ஹெசூஸ் நவாஸ் இதே இடர்ப்பாட்டை வேறுவழியிற் கடந்தார். செவில்யா நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் அவருடையது. ஊரை விட்டுச் சில நாள் பயிற்சி முகாமுக்குப் போவதும் அவருக்கு இயலாததாயிருந்தது. 2006இல் இலண்டனின் செல்சி கழகம் அழைத்தபோதும் போகவில்லை. அவருடைய கழகம் அவரை விரட்டவுமில்லை, கைவிடவுமில்லை. மருத்துவ உதவியோடு, சிறுகச் சிறுகப் பிரிவுக்குப் பழகினார். நாட்டின் அணியிலே முதன்முதல் ஆடியது 2009 நவம்பரில். எட்டே மாதங்களின் பின், தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்திலே, ஸ்பானியாவின் வெற்றிக் கோலுக்கு வழிவகுத்த ஓட்டத்தைத் தொடங்கியவர் அவரே. 2013இல் மான்செஸ்டர் சிற்றிக்குச் சென்று நான்கு ஆண்டு ஆடி, அதன்பின் செவில்யாவுக்கு மீண்டார்.

இக்காலப் பெருங்கழகங்கள் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு வீடு பார்த்துக் கொடுக்கவும், பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்க்கவும், மொழி கற்பிக்கவும் தனி அலுவலரை அமர்த்துகின்றன. செலவைப் பார்க்குமிடத்து இது சிறிய காரியம், பயனோ பெரிது. இவ்வுதவி எதுவுமே இல்லாத காலத்தில் ஒருவர் அயலூரில் எவ்வாறு வேரூன்றினார் என்பதற்கு லியரி கொன்ஸ்டன்டைன் சான்றாவார்.

டிரினிடாட் தீவினரான இந்தக் கிரிக்கெட் வீரர் 1929ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியிலுள்ள நெல்சன் என்னும் பஞ்சாலைச் சிற்றூருக்கு ஊதிய ஆட்டக்காரராக வந்தார். குளிரும் புகையும் நிறைந்த ஊர். கறுப்பு நிறத்தவரைப் பெரும்பாலோர் அதுவரை கண்டதில்லை. சிறுவர் வந்து சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தனர். முதற் பருவத்தோடு போய்விடலாம் என்று அவர் எண்ணியபோது தடுத்து நிறுத்தியவர் மனைவி நோர்மா. தங்கினார். ஒன்பது பருவங்களில் ஏழு முறை நெல்சன் கழகம் வாகை சூடியது. ஆனால் ஊரார் அவரைத் தம்மவராக்கியது வெற்றியினால் மட்டுமன்று. ஒரே வீதியில் இருபது ஆண்டு குடியிருந்து, அயலவரின் நன்மை தீமைகளிற் பங்குகொண்டமையாலுமாகும். தம் நாட்டு எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1932இல் வந்தபோது தம் வீட்டிலேயே இடமளித்தார். போர்க்காலத்தில் லிவர்பூல் தொழிற்சாலைகளுக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தொழிலாளர் வந்தபோது, அவர்களுடைய நலம் பேணும் அலுவலராக அரசாங்கம் நியமித்தது இவரையே. தனிமை இன்னதென்று அறிந்தவரிடம் அவ்வேலை சென்றமை பொருத்தமே.

1969இல் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டபோது, டிரினிடாட்டின் மரவால் என்னும் ஊரும் லங்காஷயரின் நெல்சனும் ஆகிய இரண்டுமே அப்பட்டத்தில் இடம்பெற்றன. 1971 ஜூலை முதலாந் திகதி இலண்டனிலே காலமானார். அவருடைய உடல் டிரினிடாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அரச மரியாதையுடன் அரூக்கா என்னும் ஊரிலே அடக்கஞ் செய்யப்பட்டது.