உறுமும் நாயை அடிக்கலாமா?

வளர்ப்பு நாய் திடீரென்று கடித்துவிட்டதாகக் கூறப்படும் நிகழ்வுகள் பலவற்றில், அது முன்பே எச்சரித்திருக்கும். அதைக் கவனிக்கத் தவறியவர் மனிதரே. சோறு தின்னும் நாயை ஒரு குழந்தை நெருங்கும்போது, அது முதலில் அவசரமாக விழுங்கத் தொடங்கும். பின்னர் தலையைத் தட்டின்மேல் தாழ்த்தியபடியே உடல் விறைத்து அசைவற்று நிற்க, கடைக்கண்ணில் வெள்ளை பிறைபோல் தெரியும். பெரும்பாலும் அதற்குப் பிறகே உறுமும், பல்லைக் காட்டும். தன் பொருள் பறிபோகும் என்ற அச்சத்தில் எழும் இந்நடத்தை உடைமைக் காப்பு எனப்படும்.

உறுமியதற்காக அடிவாங்கும் நாய் உறுமுவதை விட்டுவிடலாம். ஆனால் அச்சம் நீங்காததோடு, மனிதர் நெருங்கினால் வலியும் வரும் என்று அது கற்றுக்கொள்வதால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். இப்படி அடிப்பதற்குப் பின்னால் உள்ள, நாயை அடக்கி ஆள வேண்டும் என்னும் கொள்கை, அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்கள் தலைமைக்குப் போட்டியிடுவதைப் பற்றி விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வில் வேர்கொண்டது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளுமான குடும்பமே என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கிய பின்னும் அக்கொள்கை வழக்கொழியவில்லை என்பது வியப்புக்குரியது.

மாற்றுவழி எதிர்ப்பழக்கம்: அச்சம் தரும் ஒன்றோடு இன்பம் தரும் ஒன்றை இணைத்தல். நாய் விறைக்காத தொலைவில் நின்று, தட்டில் உள்ளதைவிடச் சுவையான இறைச்சித் துண்டை வீசிவிட்டு விலகுவதைப் பல நாள் செய்து, தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைத்தால், மனிதரின் வருகை இழப்பன்று, வரவு என்று நாய் உணரும். சாதுவான நாய் திடீரெனச் சீறத் தொடங்கினால், காதுப் புண்ணோ மூட்டுவலியோ காரணமாகலாம் என்பதால், பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடிபட்டால், புண்ணை உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்காகத் தாமதமின்றி மருத்துவமனை செல்வது கட்டாயம்.