தந்தி சொன்னது, தரை சொல்லவில்லை

தூரத்தில் இருக்கும் பிள்ளையிடமிருந்து சேதி வரவில்லை என்றால் வீட்டில் எவ்வளவு தவிப்பு! பெரிய படைத்தளபதிகளுக்கும் அந்தத் தவிப்பு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

1864-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். வட மாநிலப் படைகளின் தலைமைத் தளபதி கிராண்ட், வர்ஜீனியாவில் சிட்டி பாயிண்ட் என்னும் இடத்தில் இருந்தார். பல நூறு மைல்களுக்கு அப்பால், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் அவருக்குக் கீழ்ப்பட்ட தளபதி தாமஸ் இருந்தார். நகருக்கு வெளியே, ஹூட் தலைமையில் தென் மாநிலப் படை முகாமிட்டிருந்தது.

ஹூட் நழுவி வடக்கே போய்விடுவாரோ என்று கிராண்ட் அஞ்சினார். உடனே தாக்கும்படி தந்திக்கு மேல் தந்தி அடித்தார். குதிரைப்படைக்குப் போதிய குதிரைகள் இல்லை, அவற்றைச் சேர்த்த பிறகு தாக்குவதாகத் தாமஸ் பதில் அனுப்பினார். அதற்குள் உறைபனி மழை பிடித்துக்கொண்டது. தரையெல்லாம் பனிக்கட்டி. மனிதர்களும் குதிரைகளும் கால் ஊன்ற முடியவில்லை. இதையும் தாமஸ் தெரிவித்தார். ஆனாலும் தொலைவில் இருந்தவருக்கு அது சாக்குப்போக்காகவே பட்டது.

தாமஸின் பொறுப்பை ஏற்க, 13-ஆம் தேதி லோகன் என்ற தளபதியைக் கிராண்ட் அனுப்பினார். மனம் ஆறாமல், தாமே நாஷ்வில் போகப் புறப்பட்டு வாஷிங்டன் வந்து சேர்ந்தார்.

15-ஆம் தேதி பனி உருகியிருந்தது. காலையில் தாமஸ் தாக்குதலைத் தொடங்கினார். அது தெரியாமல், அவரை நீக்கும் ஆணையைக் கிராண்ட் வாஷிங்டனில் எழுதிக் கொடுத்தார். போர்த்துறைத் தந்தி அலுவலகத்தில் இருந்த மேஜர் எக்கர்ட், நாஷ்வில்லிலிருந்து ஏதும் செய்தி வருகிறதா பார்ப்போம் என்று அதை அனுப்பாமல் வைத்திருந்தார். அன்றிரவே வெற்றிச் செய்தி வந்தது! மறுநாள் ஹூட்டின் படை சிதறி ஓடியது. தாமஸ் பதவியில் நீடித்தார். லோகன் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

கிராண்ட் அறிவில்லாதவர் அல்லர்; அந்தப் போரையே வென்று முடித்தவர். தந்தி அவருக்குச் சொற்களைக் கொண்டுவந்தது. தாமஸின் காலடியில் இருந்த பனியைக் கொண்டுவரவில்லை.

ஆகவே, பட்டணத்தில் வேலை செய்யும் மகன் இந்த மாதம் பணம் அனுப்பவில்லையா? கோபத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு வைத்திருங்கள். அவன் காலடியில் என்ன பனியோ, யார் கண்டார்!