செஞ்சியிலிருந்து 90 கி.மீ தூரத்தில் அணு உலை... விபத்து நடந்தால் என்ன ஆகும்? செலவு யார் தலையில்?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி என்றதும் கோட்டையும் நெல் மூட்டையும்தான் ஞாபகத்துக்கு வரும். 2025 ஜூலையில் கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அந்தஸ்தும் கிடைத்தது. இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 90 கி.மீ தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. இவ்வளவு தூரத்தில் இருப்பவர்களும் யோசிக்க வேண்டுமா? பார்க்கலாம்.

16 கி.மீ கணக்கு என்ன?

இந்தியாவில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ வரைதான் அவசரகாலத் திட்டப் பகுதி. மக்களை வெளியேற்றுவது, அயோடின் மாத்திரை கொடுப்பது போன்ற முன்னேற்பாடுகள் இந்த வட்டத்துக்காகத்தான். செஞ்சி இதைத் தாண்டி ரொம்ப தூரத்தில் இருப்பதால், வீட்டைக் காலி செய்யும் நிலை வர வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் கதிரியக்கத் துகள்கள் காற்றடிக்கும் திசையில் போகும், மழை பெய்யும் இடத்தில் மண்ணில் இறங்கும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, 200 கி.மீக்கும் அப்பால் உள்ள டோக்கியோவில் குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று சொன்னார்கள். அந்த நவம்பரில், ஆலையிலிருந்து சுமார் 60 கி.மீ தூரத்தில் விளைந்த அரிசியில் அளவுக்கு மீறிய சீசியம் இருந்ததால் விற்பனை நிறுத்தப்பட்டது. நெல்லை நம்பியிருக்கும் ஊர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

உலையை நிறுத்தினால் போதாதா?

போதாது. நிறுத்திய பிறகும் எரிபொருளில் சூடு வந்துகொண்டே இருக்கும், தொடர்ந்து குளிர்விக்க வேண்டும். ஃபுகுஷிமாவில் சுனாமியால் மின்சாரம் போய், குளிர்விப்பது நின்றதுதான் பிரச்சினை.

2004 சுனாமியின்போது கல்பாக்கத்தில் பம்ப் ஹவுஸுக்குள் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, கதிர்வீச்சுக் கசிவு இல்லை. ஆனால் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அதிவேக ஈனுலையின் அஸ்திவாரக் குழி மூழ்கிப்போனது.

செலவு எப்படி ஏறுகிறது?

அதே ஈனுலைக்கு 2003-ல் ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 3,492 கோடி ரூபாய், முடிக்க வேண்டிய ஆண்டு 2010. பிறகு மதிப்பீடு 5,677 கோடியானது, அதையும் தாண்டியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலையே 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. தாமதமான ஒவ்வொரு வருஷமும் வட்டியும் கட்டுமானச் செலவும் ஏறும். அது கடைசியில் மின் கட்டணத்திலோ வரிப்பணத்திலோதான் வந்து நிற்கும்.

ஆயுள் முடிந்த உலையைப் பிரித்தெடுக்கும் செலவுக்காகவும் யூனிட்டுக்கு 2 பைசா வசூலிக்கப்படுகிறது. கழிவு தனிக்கதை. அதில் உள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 வருஷம் ஆகும். செஞ்சிக் கோட்டைக்கு வயசு சில நூற்றாண்டுகள்தான்.

விபத்து நடந்தால் யார் கொடுப்பார்கள்?

2010 சட்டப்படி, ஆலையை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு அதிகபட்சம் 1,500 கோடி ரூபாயாக இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் தனியாருக்கும் கதவைத் திறந்தது. உலையின் அளவைப் பொறுத்து உச்சவரம்பு மாறும், பெரிய உலைக்கு 3,000 கோடி. அதற்கு மேல் போனால் மத்திய அரசு, அதாவது மக்களின் வரிப்பணம்.

ஃபுகுஷிமாவில் இழப்பீடு மட்டுமே 10 லட்சம் கோடி யென்னைத் தாண்டிவிட்டது. நம் கணக்கில் 5 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

அப்போ அணுமின்சாரமே வேண்டாமா?

அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. காற்றும் வெயிலும் இல்லாத நேரத்திலும் அணு உலை ஓடும். நிலக்கரி போல் புகையும் கக்காது. பெரிய விபத்துகள் அபூர்வம் என்பதும் உண்மை.

ஆனால் 16 கி.மீக்கு வெளியே உள்ள விவசாயிக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. விபத்து நடந்தால் விளைச்சலை யார் பரிசோதிப்பார்கள்? விற்பனை நின்றுபோனால் எத்தனை நாளில், யார் பணம் கொடுப்பார்கள்? புதிய உலை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இதற்கும் சேர்த்துத்தான் பதில் கேட்க வேண்டும்.