தறிக்குழியும் வரைபடமும்
நகரமைப்பும் குடிமக்களும் – 7

புதிய குடியிருப்பு ஒன்றைத் திட்டமிடும்போது, அதில் வாழப்போகிறவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கலந்துகொள்ள வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. எந்தக் கட்டத்தில் கலந்துகொள்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சட்டம் பேசும் ‘கருத்துக் கேட்பு’ பெரும்பாலும் வரைபடம் முடிந்தபின் அதன்மீது ஆட்சேபம் உண்டா என்று வினவுவதாகும். கோடு போடுவதற்கு முன்பே ஊரைச் சுற்றிவந்து, அங்குள்ளோர் எப்படி வாழ்கிறார்கள், எதைக்கொண்டு பிழைக்கிறார்கள் என்று அறிந்துகொள்வது வேறு காரியம். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது.

இரண்டாவது முறையை வற்புறுத்தியவரான ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ், உயிரியலிலிருந்து நகரமைப்புக்கு வந்தவர். சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லாண்டின் அழைப்பில் இந்தியா வந்தார். அவர் அனுப்பிவைத்த நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அதற்கு முந்தைய மாதம் சென்னை மீது குண்டு வீசி, தமிழில் சாமர்த்தியசாலிகளுக்கு ஒரு பட்டப்பெயராகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். பிரிட்டனில் அவசரமாகத் திரட்டப்பட்ட மாற்றுப் பொருள்களைக்கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. அந்த ஆண்டிலேயே மாகாணத்து நகரங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெருங்கோயில்கள் மிகுந்த ஊர் என்பதைவிட, கோயிலும் வீதியும் தோட்டம் சூழ்ந்த வீடுகளும் ஒன்றோடொன்று இயைந்து அமைந்த ஊர் என்பதே அவரை மகிழ்வித்தது. நெரிசலான பகுதியை இடித்துத் தரைமட்டமாக்காமல், வீடுவீடாகப் பார்த்து, தவிர்க்க முடியாததை மட்டும் அகற்றுவதே அவருடைய வழிமுறை. அறுவை மருத்துவர் உடம்பைக் காப்பாற்றும் நோக்கத்தோடு கத்தி வைப்பதற்கு அதை அவர் ஒப்பிட்டார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. எனினும் சட்டத்துக்குள் புகுந்தது வரைபடம்தானே தவிர, அதற்கு முந்தைய நடை அன்று.

அந்த நடை எதைக் கண்டறியும் என்பதற்கு ஒரு நெசவாளர் வீடே போதும். காஞ்சிபுரத்தின் மரபான பட்டுத்தறி குழித்தறி, அதாவது நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, தோண்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிகளை அழுத்தும் அமைப்பு. தறிக்கு மேலே, பூ வேலைப்பாட்டுக்குரிய ஜக்கார்டு பெட்டிக்கும் உயரம் வேண்டும். உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து பிணைக்கும் கோர்வை முறையில் ஓரமாக அமர்ந்து நாடா போட இன்னொருவர் தேவைப்படுகிறார்; அவர் பெரும்பாலும் வீட்டாரில் ஒருவராகவே இருப்பதால், தறியும் அடுப்பங்கரையும் ஒரே கூரையின்கீழ் இருந்தாக வேண்டும். பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவி இழை பிரிப்பதற்கு நேரான, நீளமான தெரு வேண்டும். விடியற்காலையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தெருவே பட்டறையாகிவிடுவது இதனால்தான். மூன்றாம் மாடியில் குழி தோண்டினால் அது கீழ்வீட்டாரின் தலைக்கு மேல் போய் முடியும். குழியின்றித் தரைமேல் நிற்கும் தறிகளும் உண்டு என்பது உண்மையே. தெருவுக்கு அப்படியொரு மாற்று இல்லை.

இதே ஊரில் வேகவதி ஆற்றோரம் குடியிருந்த குடும்பங்களை மறுகுடியமர்த்துவதற்காக, நகருக்கு வெளியே கீழ்கதிர்ப்பூரில், 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் 2,112 அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. ஆறு சுருங்கினால் வெள்ளம் ஊருக்குள் வரும் என்பதால் அகற்றுதலின் நோக்கத்தைக் குறைசொல்ல இடமில்லை. ஆயினும், வேலையும் பள்ளியும் சந்தையும் நகருக்குள் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அன்று. கட்டி முடித்தபின் சாவியைக் கொடுத்து அழைக்கும்போது, அடுத்த வேளைப் பிழைப்பைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லும் காலம் கடந்துபோயிருக்கும். சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இதைத்தான் காட்டின.

சட்டத்தின் நிலை இன்னும் விந்தையானது. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய சுரங்கத்துக்கும் ரசாயன ஆலைக்கும் விமான நிலையத்துக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பு உண்டு. 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பை எட்டும் கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் முன்அனுமதி தேவைப்பட்டாலும் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. வீடு எவருக்கும் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையைத் தவிர இந்த விலக்குக்கு வேறு நியாயம் தென்படவில்லை. அந்த வீட்டின் கழிவுநீர் எந்த ஏரிக்குப் போகும் என்று கேட்டால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

இங்கே சிலர் உத்திரமேரூரை நினைவூட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடத்திலிட்ட ஓலைகளால் ஊர்ச் சபையினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிப்பது பெருமைக்குரியதே. ஆனால் அந்தச் சபைக்குத் தகுதி பெற வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் வேண்டியிருந்ததால், தறியில் உட்கார்ந்திருந்தவர் அதன் கணக்கில் வரவில்லை. இக்காலக் கிராம சபையில் எல்லா வாக்காளர்களுக்கும் இடம் உண்டு. பரந்தூரில் திட்டமிடப்பட்ட விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராமம் 2022 முதல் அந்தச் சபையில்தான் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியது. நகரவாசிகளுக்கு அத்தகைய மேடை தாமதமாகவே கிடைத்தது: 2021-இல் மாநகராட்சியான காஞ்சிபுரம் உட்பட, தமிழக நகரங்களில் பகுதி சபை என்னும் வார்டு மட்டக் கூட்டம் 2022 நவம்பர் 1 அன்றுதான் தொடங்கியது. தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் அந்தக் கூட்டங்களில், அடுத்து வரப்போகும் குடியிருப்பின் இடமும் தரைத்தளமும் வரைவதற்கு முன்னரே பேசப்பட வேண்டும்.

அதுவரை நெசவாளர் கையில் உள்ளது 1971-இன் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் மட்டுமே. முழுமைத் திட்டம், அதாவது எந்த நிலம் எதற்கு என வகுக்கும் மாஸ்டர் பிளான், வரைவாக வெளியிடப்படும்போது ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலம் தர வேண்டும் என்கிறது அச்சட்டம். அறிவிப்பு வெளியாகும் நாளிலிருந்தே அந்தக் காலம் ஓடத் தொடங்குகிறது. எழுத்தில் தரப்படாத ஆட்சேபம் கணக்கில் சேர்வதில்லை.

(தொடரும்)