முகம் ஏன் சிவந்தது?

இரயில்வே சிக்னல் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமோ. தோல் நோயைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் அது நியாயமே. ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தில் எனக்கும் பங்கு உண்டு. அது பெருமைப்படக்கூடிய பங்கு அன்று. நம் அங்கத்தினர் வீடுகளிலும் இது நடந்துகொண்டிருக்கலாம் என்பதால் எழுதத் துணிந்தேன்.

என் தங்கை நாகர்கோவிலில் இருக்கிறாள். அவள் மகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்ததால் கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். 2023-ம் ஆண்டு பங்குனி மாதம். வைகாசியில் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தாயிற்று. ஒரு நாள் காலையில் எழுந்து வந்தவளைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனோம். இரண்டு கன்னமும் நெற்றியும் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் சிவந்திருந்தன. "மாமா, தண்ணி பட்டாலே எரியுது" என்றாள். பஸ் நிலையம் வரை வெயிலில் நடந்து போவதற்குள் முகம் கொதிக்கிறதாம். முந்தின நாள் வரை ஒன்றுமில்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சாலைக் கம்போளத்தில் வாங்கிய புதுக் குங்குமம்தான் என்றாள் என் மனைவி. குழாய்த் தண்ணீரில் குளோரின் அதிகம் என்றார் எதிர்வீட்டுக்காரர். கண்ணேறு என்று முடிவு கட்டிய தங்கை, பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லித் தொலைபேசியில் உத்தரவிட்டாள். தேங்காயும் உடைத்தோம்.

நான் என் தொழில் வழியில் இறங்கினேன். ஒரு சிக்னல் கெட்டால் நாங்கள் முதலில் கேட்பது, 'கடைசியாக அங்கே என்ன வேலை நடந்தது?' என்பதுதான். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் அவள் முகத்துக்குப் புதிதாக வந்தவற்றையெல்லாம் எழுதினேன். தங்கை அனுப்பிய விலை உயர்ந்த மூலிகை க்ரீம், புதுக் குங்குமம், புது சோப்பு, தலையணை உறை, கடைசியில் கருவாடு கூட. ஒவ்வொன்றாக நிறுத்தி நான்கு நான்கு நாள் பார்த்தோம். குற்றவாளிப் பட்டியலில் முதலிடம் மூலிகை க்ரீமுக்கு. எல்லாம் நின்றும் சிவப்பு இறங்கவில்லை. மேல்தோல் உரிந்தது, பொடிப்பொடியாகப் பருக்களும் கிளம்பின.

மூன்று வாரம் இப்படி வீணாக்கிய பிறகே தோல் மருத்துவரிடம் போனோம். நடுவயது அம்மையார். என் நோட்டைப் பொறுமையாகப் படித்தார். பிறகு அவளிடம், "புதுசா என்ன போட்டேன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எதைப் போடறதை நிறுத்தினே, அதைச் சொல்லு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

கல்லூரி விடுதியில் பருவுக்காக ஒரு தோழி கொடுத்த ட்யூப் அது. பருவும் போயிற்று, முகமும் வெளுத்தது. விடாமல் இரண்டு வருடம் பூசியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, தீர்ந்துபோன அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்து, "வரும்போது இது ஒண்ணு மாமா" என்பாள். மாலையில் காய்கறிக்குச் சாலைக்குப் போகும் நான், வழியில் ஒரு மருந்துக்கடையில் பெட்டியைக் காட்டி வாங்கி வருவேன். ஐந்தாறு முறை வாங்கியிருப்பேன். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அந்தப் பெட்டியிலேயே அச்சடித்திருந்ததை நானும் படிக்கவில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு வண்டி ஓர் அடி நகர்ந்தாலும் விசாரணைக் கமிஷன் முன் நிற்க வேண்டிய உத்தியோகத்தில் இருந்தவன் நான்! மூலிகை க்ரீம் வந்ததும் பழைய ட்யூபை அவள் விட்டுவிட்டாள். விட்ட பத்தாம் நாள் முகம் சிவந்தது. புதிதாக வந்ததை எல்லாம் நோட்டில் எழுதிய எனக்கு, போனதை எழுதத் தோன்றவில்லை.

அந்த ட்யூபில் இருந்தவை மூன்று: மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். இந்தக் கூட்டுக்கு வழிகாட்டியது 1975-ல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இருவர் வெளியிட்ட கலவை. முகத்தில் விழும் கரும்படலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் போட வேண்டிய மருந்து. ஸ்டீராய்டைப் பூச்சாகப் போட்டுப் பலன் கண்டது அதற்கும் முன்னால், 1952-ல். கரப்பான் போன்ற நோய்களில் அது கண்கண்ட மருந்து. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

இது தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் முகம் வெளுத்தாற்போல் தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், குழாய்கள் மருந்துக்குப் பழகிவிடும். நிறுத்தியதும் அடக்கி வைத்திருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. சிவப்பு, எரிச்சல், வெயில் பொறுக்காமை எல்லாம் அதன் விளைவு. முகத்தில் இது அதிகமாக இருப்பதற்கும் கணக்கு உண்டு. ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் 1967-ல் அளந்து சொன்னது: ஹைட்ரோகார்டிசோன் முன்கையில் 1 பங்கு உள்ளே போனால் நெற்றியில் 6 பங்கு, தாடையோரத்தில் 13 பங்கு போகிறது.

நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்ட் ஃபேஸ்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2011-ல் வெளியான பல மைய ஆய்வு ஒன்றில், முகத்தில் தோல் கோளாறுடன் வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்களில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்லர். பக்கவிளைவு கண்டவர்கள் 392 பேர். இதன் பின்னர், 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலில் கொண்டுவந்து, சீட்டில்லாமல் விற்பதைத் தடுத்தது. நான் வாங்கியது அதற்கு நான்கைந்து ஆண்டுகள் கழித்து.

தமிழில் 'பெண் நல்ல சிவப்பு' என்றுதானே சொல்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கறுத்த பெண்ணைக் கறுப்பி என்று வீட்டிலேயே கூப்பிடுகிறோம். நானே கூப்பிட்டிருக்கிறேன். விளையாட்டுக்குத்தான், ஆனால் அவள் ட்யூபைத் தேடிப் போனது அதனால் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதில் பெரிய வலை எதுவென்றால், மறுபடி அதையே பூசினால் ஒரே இரவில் சிவப்பு இறங்கிவிடும். "நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் ஒரு தடவை போட்டுக்கட்டுமே" என்றாள் என் மனைவி. மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை, அப்படிப் போட்டால் கல்யாணத்துக்கும் போட வேண்டும், பிறகு எப்போது நிறுத்துவது என்று கேட்டார். மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அவளே மாப்பிள்ளைப் பையனுக்குப் போன் செய்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவர்கள் கூடி ஆவணிக்குத் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளையின் தாயாருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

வைத்தியம் எளியது, பொறுமைதான் கடினம். வாசனையில்லாத ஈரப்பூச்சு, வெயில் காப்புப் பூச்சு, குளிர்ந்த ஈரத்துணி, ஸ்டீராய்டு அல்லாத ஒரு களிம்பு. சிலருக்கு ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவார்கள். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை பழையபடி சிவந்தது.

எல்லாச் சிவப்பும் இதுவல்ல. இரயில் பாதையில் டிராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தில் வண்டி நின்றாலும் சிக்னல் சிவப்புதான், கம்பி அறுந்தாலும் சிவப்புதான், மழையில் ஜல்லி நனைந்து மின்சாரம் கசிந்தாலும் சிவப்புதான். குங்குமத்திலுள்ள செயற்கைச் சாயம் சிலருக்கு உண்மையாகவே ஒத்துக்கொள்ளாது. என் வயதுக்காரர்கள் தலைக்குப் பூசும் கருஞ்சாயத்தில் உள்ள பாரா ஃபினைலின் டயமின் முகத்தையும் கண் இமையையும் வீங்க வைக்கும். இம்மாதிரி ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முதுகில் ஒட்டுச் சோதனை செய்து, இரண்டு நாள் கழித்தும் அதன் பிறகு இன்னொரு முறையும் பார்க்கிறார்கள். ரொசேஷியா என்ற நோயிலும் கன்னம் சிவக்கும். சிவப்போடு மூட்டுவலியும் காய்ச்சலும் சேர்ந்தால் லூபஸாக இருக்கலாம். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பெயர் தெரியாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசமும் இருக்கிறது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் போகும் ஒரு நோயுள்ள 22 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஓர் அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது.

மருத்துவரிடம் போகும்போது முகத்தில் பூசுகிற, பூசி நிறுத்திய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தீர்ந்துபோன ட்யூபையும் அதன் அட்டைப்பெட்டியையும் எறிய வேண்டாம். எது எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் நின்றது என்று இரண்டு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் ஒரு பத்திதான் இருந்தது.